கழுவினாலும் போகாத பச்சை

செவ்வாய், இரவு.

கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் தர வகுப்புப் பிள்ளைகளின் சித்திர வேலைக்குக் கழுவினால் போகும் வோட்டர் பெயின்ட் கேட்டார்கள். என் கடையிலிருந்து துணிக்குப் பூசும் பெயின்ட் போய்விட்டது. போத்தல் ஒரே மாதிரி. திறந்து பார்க்காமல் அனுப்பியது நான்தான். பிள்ளைகள் கையை முக்கித் தாளில் இலை பதித்தார்கள். பிறகு கழுவினால் பச்சை போகவில்லை.

தேங்காய் எண்ணெயோடு வெள்ளவத்தைக் கடையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன். வாசலில் தாய்மார் கொதித்துக்கொண்டு நின்றார்கள்.

“அண்ணை, நாளைக்கும் இந்தப் பச்சை நிண்டா இனி உங்கட கடையில ஒரு சாமானும் எடுக்கமாட்டம்,” என்றார் ரீச்சர்.

“அங்கிள், நான் இப்ப கிளியா?” என்றாள் ஒரு சின்னவள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒவ்வொரு கையாக நானே தேய்த்தேன். பிள்ளைகளின் நகக்கண்ணில் இன்னும் நிற்கிறது. காலையில் அதுவும் போகாவிட்டால்...

பள்ளி அதிபரிடம் ஒத்துக்கொண்டது இதுதான்: இனி எந்தப் பெயின்டும் முதலில் என் கையில் பூசி, அவர் முன்னால் கழுவிக் காட்டிய பிறகே வகுப்புக்குள் போகும்.