தீவு என்று நான்தான் சொன்னேன்

12-7-1956, வியாழன்

பூகோள நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். நைனா குறட்டை விடுகிறார். அம்மாவின் கண்கள் மூடியிருக்கின்றன. தூங்குகிறாளா, தெரியவில்லை.

இன்று அவள் அழுகிப்போன நெத்திலியைத் தின்றாள். பூனைகூட மோந்துவிட்டு விலகிய மீன். செவுளைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோய், எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுகிற அம்மா அவள். நான் வெளியே ஓடி வாந்தி எடுத்தேன்.

"இன்னாடி ஆச்சு உனுக்கு?" என்று மென்றுகொண்டே கேட்டாள்.

போன மாதம் கரையில் மயங்கி விழுந்து எழுந்ததிலிருந்து இப்படித்தான்.

14-7, சனி

கொதிக்கிற சோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்கினாள். அவசரமே இல்லை. தோல் பொசுங்கும் வாடை வந்தது.

"அம்மா, சுடுது! வுடு!"

"சுடுதுன்னு தெரியுதுடி. அதுக்கு இன்னா இப்போ?"

அது அம்மாவின் குரல்தான். வேறு குரலாக இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

16-7, திங்கள்

நைனா கடலுக்குப் போயிருந்தார். நானே அம்மாவை ராயபுரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ஹில்டா ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார். அம்மா கையை இழுக்கவே இல்லை. இன்னும் குத்து என்பதுபோல் நீட்டிக்கொண்டிருந்தாள்.

மேசையில் ஒரு கண்ணாடி ஜாடி. அதிலிருந்து ஒரு குரங்கின் மூளையை எடுத்து, பக்கவாட்டு மடிப்பை இரண்டு விரலால் உதடுபோல் விலக்கிக் காட்டினார். உள்ளே விசிறிபோல் வரிவரியாகச் சின்ன மேடு.

"வெளியேயிருந்து பார்த்தா தெரியாதும்மா. ஒளிஞ்சிருக்கும். ஐலண்டுன்னு பேரு. குரங்குக்கும் உண்டு, நமக்கு இன்னும் பெரிசு. நாக்கு ருசி, குமட்டல், வயித்துலயும் நெஞ்சுலயும் நடக்கிறது எல்லாம் இங்க வந்து சேருதுன்னு நினைக்கிறோம். உங்கம்மாவுக்கு இங்க ரத்தம் ஓடாம கெட்டுப்போயிருக்கணும். வலி தெரியும். ஆனா அது பொருட்டாத் தோணாது."

"சரியாயிடுமா?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்திரமா பாத்துக்கோ."

அந்தக் குரங்கு கடைசியாக எதைக் கண்டு முகம் சுளித்திருக்கும்?

17-7, செவ்வாய்

டாக்டர் என்ன சொன்னார் என்று நைனா கேட்டார். ஐலண்டு என்றால் அவருக்குப் புரியவில்லை. வகுப்பில் படித்ததுதானே என்று பெருமையாகச் சொன்னேன்.

"தீவு, நைனா. தீவுல கோளாறாம்."

வலையைக் கீழே போட்டார். "சித்திரையில கருவாடு எட்தாற தீவுக்குப் போனாளே! அங்கதான் பேய் புட்சிகீது. டாக்டரம்மாவே சொல்ட்டாங்க!"

"அந்தத் தீவு இல்ல நைனா. மூளைக்குள்ள இருக்கிற தீவு."

"மூளைக்குள்ள தீவா? படகு எங்க கட்டுவாங்கோ?" என்று பக்கத்து வீட்டுத் திருமலை மாமா சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை முகத்துவாரம் தாண்டி அம்மாவை அந்தத் தீவுக்கே கொண்டுபோகிறார்கள். பேய் ஓட்ட.

நோட்டின் முதல் பக்கத்தில் என் கையெழுத்து: நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதி தீவு எனப்படும்.

18-7, புதன்

அங்கே வெள்ளத்துரை பூசாரி சூட்டுக்கோல் வைப்பாராம். "பேய் கத்துற வரிக்கும் கோலை எடுக்க மாட்டாரு" என்றார் திருமலை மாமா.

அம்மா கத்த மாட்டாளே.

20-7, வெள்ளி

நைனா கடலில் இருக்கும்போது சொல்லிக்கொடுக்கிறேன். நான் கிள்ளியதும் "ஐயோ" என்று கத்த வேண்டும்.

"எதுக்குடி? நல்லாத்தானே கீறேன்."

"எனக்காகம்மா."

முதலில் மீன் விலை சொல்வதுபோல் சொன்னாள். கிள்ளிக்கொண்டே இருந்தேன். அவள் கை முழுக்கக் கன்றிப்போயிற்று. அழுதது நான்தான்.

22-7, ஞாயிறு

கத்தினாள்! கோல் தொட்டதும், மூன்று தடவை. பூசாரி உடனே எடுத்துவிட்டார். நைனா அவர் காலில் விழுந்து அழுதார்.

கத்தும்போது அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. சரியா என்று கேட்பதுபோல் ஒரு புருவம் மட்டும் உயர்ந்திருந்தது.

9-8, வியாழன்

அம்மாவுக்குக் குணமாகிவிட்டது என்று நைனா ஊரெல்லாம் சொல்கிறார். விடியற்காலையில் மீனை நான் மோந்து பார்த்துப் பொறுக்கித் தருகிறேன். அவள் விற்றுவிட்டு வருகிறாள்.

இன்று அரிவாள்மனையில் என் விரல் ஆழமாக வெட்டுப்பட்டது. மனை முழுக்க ரத்தம். அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள். விரலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயோ" என்றாள். "ஐயோ. ஐயோ."

நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

புருவத்தை உயர்த்திக் காத்திருந்தாள்.

"நீ சரியாத்தான் சொன்னே, அம்மா" என்றேன். பழந்துணியைக் கிழித்து நானே கட்டிக்கொண்டேன்.