கலைவதும் கலைப்பதும்

1966 அக்டோபர் 11, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். ராஜகிரிக் கோட்டை உச்சியில் மேகம் கட்டி நின்றது, இறங்கவில்லை. ஒரு பிரசவம். பெண், ஐந்தரை ராத்தல். கையுறை ஓட்டை, புதிது கேட்டு மூன்றாம் முறை எழுதியாயிற்று.

மத்தியானம் யூனியன் ஆபீஸ் கிளார்க் குப்புசாமி வந்தார். கையில் டைப் அடித்த பாரம் பத்து. கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தலாமா என்று சர்க்காரில் யோசிக்கிறார்களாம். ஊர் முக்கியஸ்தர்களின் கருத்து வேண்டுமாம்.

"பொம்பளை சமாச்சாரம் சிஸ்டர். நான் போய்க் கேட்டா நல்லாயிருக்காது. நீங்களே வாங்கி வந்துடுங்க."

பட்டியலை அவரே போட்டிருந்தார். பத்துப் பேர். பத்தும் ஆண்கள். பாரம் தூக்கிக்கொண்டு அலைவதற்கு மட்டும் ஒரு பொம்பளை. "ஒரு பொம்பளைகூட இல்லையே?" என்றேன். "முக்கியஸ்தர்னு போட்டிருக்காங்களே சிஸ்டர்" என்றார். நிஜமாகவே புரியாமல்தான் சொன்னார்.

பாரத்தில் கேள்வி ஒன்றுதான்: "பெண்ணின் வயிற்றில் உள்ள கரு கலைவதைச் சட்டம் அனுமதிக்கலாமா? கருத்தும் கையொப்பமும்." கீழே நான்கு விரல் அகலத்துக்கு ஒரு கட்டம்.

12, புதன்

வெயில். சைக்கிளில் பஜார் முழுக்க. குடையை எங்கோ வைத்துவிட்டு வந்தேன்.

1. மல்லாட்டை மண்டிக்காரர், வேர்க்கடலை வியாபாரம். இரண்டு சம்சாரம், பதினோரு பிள்ளைகள். பாரத்தைக் கையில் வாங்கவில்லை, நான் படித்துக் காட்டினேன். "கூடவே கூடாதும்மா. மகாபாவம். ஜெயில்ல போடணும்னு எழுதிக்கோ." எழுதிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டார். அவர் கொட்டகையில் நாற்பது பெண்கள் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நிறை மாதம் இரண்டு பேர். அவர்கள் உட்கார ஒரு மணைப்பலகை கிடையாது. அது பாவத்தில் சேராது போலிருக்கிறது.

2. தலைமை ஆசிரியர். கட்டம் போதவில்லை என்று தனித்தாளில் ஒன்றரைப் பக்கம். தாய்மை, பண்பாடு, சமுதாயச் சீரழிவு. கொம்பு சுழித்து அழகான கையெழுத்து. அவர் வீட்டம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். எட்டாவது என் கையில்தான் பிறந்தது. "நீங்க இன்னா நினைக்கிறீங்கம்மா?" என்று கேட்டேன். வாய் திறந்தாள். அதற்குள் அவர், "அவளுக்கு என்ன தெரியும்?" என்றார். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த அம்மாளுக்குத் தெரிந்ததில் எட்டில் ஒரு பங்கு இவருக்குத் தெரிந்திருந்தால் ஒன்றரைப் பக்கம் வந்திருக்காது.

திரும்பி வந்தால் வாசலில் அஞ்சலை. சிங்கவரத்தாள். அதே மண்டியில் மல்லாட்டை உடைக்கிறவள். ஐந்து பிள்ளைகள். போன தை மாதம் ஐந்தாவதில் ரத்தம் நிற்காமல் கிட்டத்தட்டப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் வயிற்றை அழுத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றவள் நான். இனி உண்டாகக் கூடாது, உண்டானால் உயிர் தங்காது என்று லேடி டாக்டரே சீட்டில் எழுதிக் கொடுத்தார். சித்திரையில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் லூப்பும் வைத்தோம்.

"நாளு தள்ளிப்போச்சுமா. ரெண்டு மாசம்."

"லூப்?"

"அது ஆடியிலயே கழண்டு வுழுந்துட்டுது. வந்து சொன்னேனே, டாக்டரம்மா லீவுன்னியே நீ."

சொல்லியிருப்பேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினாள். வியர்வையில் மசி கலைந்து, டாக்டர் கையெழுத்து மட்டும் தெரிந்தது. "நீயே எதனா பண்ணிவுடுமா. நான் பூட்டா இந்த அஞ்சும் இன்னா ஆவும்?"

சட்டம் ஒத்துக்கொள்ளாது, வெள்ளிக்கிழமை டாக்டர் வரும்போது வா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கொஞ்சம் அதட்டித்தான் அனுப்பினேன்.

13, வியாழன்

குடை கிடைத்தது. தபால் ஆபீஸில்.

3. வக்கீல். கருத்தே சொல்லவில்லை. செக்ஷன் நம்பர் சொன்னார். முந்நூற்றுப் பன்னிரண்டு. மூன்று வருஷம். அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழு. கலைக்கச் சம்மதித்த பெண்ணும் குற்றவாளிதான். "தாயோட உயிரைக் காப்பாத்த நல்லெண்ணத்தோட செஞ்சா குத்தமில்ல" என்றும் சொன்னார். அதை இரண்டாம் முறை சொல்லச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சும்மா என்றேன்.

4. கட்சிப் பேச்சாளர். எலெக்‌ஷன் வருகிறது, மதில் பூராவும் இவர்கள் சுண்ணாம்புதான். பெண்ணுரிமை என்று பஸ் ஸ்டாண்டில் மைக் கிழியப் பேசுகிறவர். "கொள்கை அளவுல எனக்கு முழு சம்மதம்மா. ஆனா இப்ப பென்சில்ல எழுதிக்குங்க. தேர்தல் முடியட்டும், மேல மசி போட்டுக்கலாம்." பென்சிலில் எழுதிக்கொண்டேன். வரும்போது சிரிப்பை அடக்க முடியாமல் சைக்கிளை விட்டு இறங்கி நின்றேன்.

5. எங்கள் மாதா கோயில் சாமியார். கேள்வியே பாவம், கையெழுத்துப் போடமாட்டேன் என்று பாரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தார். லூப் முகாமில் நான் நின்றது அவருக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை, முகத்தைப் பார்க்காமல் பேசினார். எங்கள் வீட்டில் நாங்கள் ஒன்பது. அம்மா பத்தாவதில் போனாள். அன்றைக்கு இருந்த சாமியார் நைனாவிடம் கர்த்தருடைய சித்தம் என்றார். நைனா தலையாட்டினார். எனக்குப் பதினோரு வயது, கடைசித் தம்பி என் இடுப்பில்.

14, வெள்ளி

லேடி டாக்டர் வந்தார். செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார். அறுபது பேர் வரிசை. அஞ்சலை கடைசியில் நின்றாள்.

"உயிருக்கு ஆபத்துன்னாதான் சட்டம் விடும். இவ நல்லாத்தானே நடந்து வந்திருக்கா?" என்றார் டாக்டர். சீட்டை நீட்டினாள். "உண்டாகக் கூடாதுன்னுதானே எழுதினேன். உண்டாயிட்டு வந்து நின்னா?" என்றார். டாக்டர் எழுதியது கழன்று விழுந்த லூப்புக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

ஆக, நடந்து வந்தால் ஆபத்தில்லை. தூக்கிக்கொண்டு வந்தால் ஆபத்து. அப்போது பார்க்கலாம்.

தை மாதம் அந்தக் கட்டிலருகே இருந்தவள் நான். வக்கீல் சொன்ன விதிவிலக்கு நாக்கு நுனி வரை வந்தது. நல்லெண்ணம் என்ற வார்த்தைகூட. ஊசிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிக்கொண்டே இருந்தேன். இந்த டாக்டரைப் பகைத்துக்கொண்டால் எங்கே தூக்கிப் போடுவார் என்று ஒரு கணக்கு ஓடியது மனதில்.

அஞ்சலை போகும்போது என்னைப் பார்த்தாள்.

16, ஞாயிறு

தூறல். பூசைக்குப் போகவில்லை.

நேற்று நான்கு பேர். மருந்துக்கடைக்காரர், ஜோசியர், மிட்டாய்க் கடைக்காரர், ஓய்வுபெற்ற தாசில்தார். நான்கும் "கூடாது". மருந்துக்கடைக்காரர் கையெழுத்துப் போட்ட கையாலேயே, கல்யாணமான பெண் ஒருத்திக்குப் பொட்டலம் ஒன்றை மேஜைக்கடியில் நீட்டினார். நான் பார்த்தது அவருக்குத் தெரியும். "வயித்து வலிக்கு" என்றார்.

இன்று பத்தாவது, ஏட்டு மாணிக்கம். இன்ஸ்பெக்டருக்குப் பதிலாக. "சட்டப்படி கடுந்தண்டனை தரவேண்டும்" என்று எழுதிக் கையெழுத்து, கீழே முத்திரை வேறு.

மத்தியானம் எல்லாவற்றையும் நகல் எடுக்க உட்கார்ந்தேன். கேள்வியை ஏழாம் முறையோ எட்டாம் முறையோ எழுதும்போது கை நின்றது. கரு கலைவதை. கலைப்பதை அல்ல. டைப் அடித்தவன் "ப்ப"வுக்குப் பதில் "வ" அடித்துவிட்டான். தானாகக் கலைவதைச் சட்டம் அனுமதிக்கலாமா என்று கேட்டிருக்கிறது. ஊர்ப் பெரிய மனுஷர்கள் ஏழு பேர், கூடாது, ஜெயில், கடுந்தண்டனை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தமிழ் சொல்லிக்கொடுக்கிற தலைமை ஆசிரியர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார்!

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். அப்புறம் நினைத்துப் பார்த்தேன். வாய்விட்டுப் படித்துக் காட்டியவளே நான்தான். எனக்கு மட்டும் உறைத்ததா?

19, புதன்

மூன்று நாளாக மழை. திண்டிவனம் பஸ் இல்லை.

பத்து மணிக்கு மண்டியிலிருந்து அஞ்சலையைக் கட்டை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். கொட்டகையில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாளாம். உடம்பு நெருப்பு. புடவை முழுக்க ரத்தம், அதில் மல்லாட்டைத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டியோடு வந்த மேஸ்திரி, "ஒரு மூட்டை சரக்கு பாழுன்னு மொதலாளி கத்தறாரு" என்றான். வெளியே போ என்று கத்தினேன். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும்.

யாரிடம் போனாள் என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, பார்த்தாலே தெரிந்தது. குச்சி வைத்துக் கலைக்கிற கை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வழியில்லை. ஊசி, சலைன், பென்சிலின். கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல். சாயங்காலம் வரை நாடி கைக்குச் சிக்கவே இல்லை. அவள் புருஷன் ஏழுமலை வராந்தாவில் கடைசிப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். "பொழைப்பாளா?" என்று கேட்கக்கூட அவனுக்குப் பயம். விளக்கேற்றும் நேரம் ரத்தம் மட்டுப்பட்டது.

ரிஜிஸ்டரில் விவரம் எழுதவேண்டும். "கரு கலைந்தது" என்று எழுதினேன், "கலைத்தது" என்றல்ல. ந்.

20, வியாழன்

மழை விட்டது. அஞ்சலைக்கு ஜுரம் நூற்றொன்று. கஞ்சி இரண்டு வாய்.

பதினோரு மணிக்கு ஏட்டு மாணிக்கம். மண்டிக்காரர் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். தான் சொன்ன கருத்தை அமலுக்குக் கொண்டுவருகிறார், மகராஜன்.

"கலைஞ்சுதா, கலைச்சாங்களா சிஸ்டர்?"

"கலைஞ்சுது."

"கலைச்சாங்கன்னு எழுதியிருக்காரு."

"மண்டிக்காரர் எப்பயிருந்து பிரசவம் பாக்கறாரு?"

"எனக்கு ஸ்டேட்மெண்ட் வேணும். அவளையே கேட்டுடறேன், யாருகிட்ட போனான்னு." வார்டுப் பக்கம் அடி எடுத்து வைத்தார். இவர் போய் நின்றால் அவள் சொல்லிவிடுவாள். பயத்திலேயே சொல்லிவிடுவாள். உயிரோடு மீண்டது ஜெயிலுக்குப் போகத்தானா?

அலமாரியிலிருந்து அவருடைய பாரத்தை எடுத்து நீட்டினேன். "கேள்வியைப் படிங்க. வாய்விட்டு."

படித்தார். மறுபடி படித்தார். "இது கலைப்பதைன்னு இருக்கணும்."

"இல்லையே. தானா கலையறதுக்குத்தான் கடுந்தண்டனைன்னு எழுதி முத்திரை வச்சிருக்கீங்க. பாக்கியத்துக்கு மூணு தடவை கலைஞ்சுது. அவங்களை எந்த ஜெயில்ல போடப்போறீங்க?"

பாக்கியம் அவர் மனைவி.

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மூணாவது அஞ்சு மாசம் சிஸ்டர். நீங்கதான் துணியில சுத்திக் குடுத்தீங்க" என்றார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தத் துணிகூட நினைவிருக்கிறது. இந்த ஆளை ஒரு நாள் முழுக்கத் திட்டலாம். அதைச் சொல்லித் திட்டியிருக்க வேண்டாம்.

தன் நோட்டில், தானாகக் கலைந்தது என்று எழுதிக்கொண்டு போனார். வார்டுப் பக்கம் திரும்பவில்லை.

21, வெள்ளி

வெயில். டாக்டர் வந்தார். ரிஜிஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அஞ்சலையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லவேளை" என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை.

குப்புசாமி பாரங்களுக்கு வந்தார். எழுத்துப் பிழையைச் சொன்னேன். "அட விடுங்க சிஸ்டர், மேல யாரு படிக்கப் போறாங்க? ஆனா ஒண்ணு வெறுமையா இருக்குதே. பத்து வேணும். யாரையாவது புடிச்சு நிரப்பிடுங்க, நாளைக்குக் காலைத் தபால்."

சாமியார் திருப்பிக் கொடுத்த பாரம். எடுத்துக்கொண்டு அஞ்சலை கட்டிலுக்குப் போனேன். உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். சர்க்கார் கருத்து கேட்கிறது என்றேன். "என்னையா?" என்று சிரித்தாள். அச்சில் இருந்தபடியே படித்தேன். "வயிற்றில் உள்ள கரு கலைவதைச் சட்டம் அனுமதிக்கலாமா?"

டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கலையறதையா, கலைக்கறதையா? ஒழுங்கா படிமா. தானா கலையறதுக்கு எவன் பர்மிஷன் கேப்பான்?"

எழுதப் படிக்கத் தெரியாதவள். கைநாட்டு.

கலைப்பதை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஏழுமலை பிள்ளைக்குப் பன் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"தொழில் தெரிஞ்ச கையால நடக்கணும்னு எழுதிக்க. பட்டப்பகல்ல, ஆஸ்பத்திரியில."

எழுதினேன். பெயர் என்ற இடத்தில் பெண் என்று மட்டும். தொழில், கூலி. கைநாட்டு வேண்டாம், போலீஸ் கண்ணில் படும். முடித்துவிட்டு எழுந்தேன்.

"இதையும் எழுதிக்க" என்றாள். "உன்னாண்டதான் மொதல்ல வந்தேன்."

கட்டத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. நர்சிடம்தான் முதலில் போனேன் என்று எழுதி, அடியில் என் கையெழுத்தைப் போட்டேன். மசியில்.