தூணில்லாத பால்கனி

பிப்ரவரி 3
பெரம்பலூர் ஆபீசிலிருந்து அரியலூருக்கு. ராஜதுரையின் கல்யாண மண்டபம் முடியப்போகிறது. நான் வரைந்த முதல் கட்டடம்.
மதியம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி. கையிலிருந்த டீ பக்கவாட்டில் சாயவில்லை. மேலே குதித்தது.
பிறந்ததிலிருந்து கேட்கும் வெடி. அம்மா அதைக் கேட்டுத்தான் உலை வைப்பாள். இன்றுதான் பார்த்தேன்.

பிப்ரவரி 4
கணக்கை மறுபடி எடுத்தேன். நிலநடுக்கம் மண்ணைப் பக்கவாட்டில் அசைக்கும், மேலும் கீழும்கூட. கட்டடத்துக்குப் பெரும்பாலும் பக்க அசைவுதான் ஆபத்து. ஆனால் வாசலுக்கு மேலே அந்தப் பால்கனி — சுவரிலிருந்து ஒன்பது அடி நீண்டு, கீழே தாங்க எதுவுமில்லாமல். அதற்கு மேல்கீழ் அசைவைச் சேர்த்தே ஆக வேண்டும்.
கணக்குத் தாளில் மேல்கீழ் அசைவுக்கான கட்டத்தில் பூஜ்யம். கீழே என் கையெழுத்து.

பிப்ரவரி 5
சேர்த்துப் போட்டேன். ஆள் நிறைந்து நிற்கும்போது நிலம் மேலும் கீழும் அசைந்தால் தாங்காது. மூன்று முறை போட்டேன். தாங்காது.

பிப்ரவரி 7
ஆபீசில் முதலாளி திருமுருகன் சாரிடம் சொன்னேன்.
"பூகம்பம் நம்ம ஊருக்கு வழி கேட்டுக்கிட்டு வருமாக்கும்?"
தாளைக் காட்டினேன். சிரிப்பு நின்றது.
"ராஜதுரைகிட்ட நீயே போய்ச் சொல்லு. என் பேர இழுக்காத."

பிப்ரவரி 9
அரியலூரில் இறங்கினேன். டீ குடித்தேன். ராஜதுரையைப் பார்க்காமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 12
மேஸ்திரி கொளஞ்சி: "வெடிக்கு எங்க வூட்டு நாயே எந்திரிக்காது. நீங்க ஏன் மேடம் பயந்து சாவுறீங்க?"
பிறகு அவரே சொன்னார்: "அடுத்த மாசம் ராஜதுரை அய்யா பேத்திக்கு இங்கதான் காதுகுத்து. மாமன் சீரு மேளத்தோட வரும். பூப் போட பொம்பளைவ எல்லாம் மேலதான் நிப்பாங்க."
எல்லோருமா? அங்கேயா?

பிப்ரவரி 13
ராஜதுரையிடம் சொல்லிவிட்டேன், பால்கனிக்குக் கீழே தூண் வேண்டுமென்று.
"கார் வந்து நிக்கிற எடத்துல தூணா? ஊரே சிரிக்கும். படிச்ச புள்ளன்னு நம்புனனே!"
"தப்பு என்னுதுங்க. தூண் வைக்கலன்னா மேல யாரையும் ஏத்தாதீங்க. உங்க பேத்தியையும்."
ராஜதுரை பால்கனியை அண்ணாந்து பார்த்தார். வைப்பாரா?

பிப்ரவரி 14
சார் போன். இனி வர வேண்டாமாம்.

மார்ச் 11
அழைப்பில்லை. சாலைக்கு எதிர்ப்புறம் நின்றேன். மேளம், சீர்த்தட்டுகள். பால்கனியில் நாற்பத்தொரு பெண்கள். இரண்டு முறை எண்ணினேன். நடுவில் பேத்தி, பட்டுப்பாவாடை.
வெடி.
யாரும் திரும்பவில்லை. நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன்.
திறந்தபோதுதான் கண்ணில் பட்டன: பால்கனிக்குக் கீழே, வாசலில் இரண்டு புதிய தூண்கள். அவை தெரியாதபடி வாழைமரம் கட்டியிருந்தார்கள். இலைகள் மேலும் கீழும் ஆடி அடங்கின. மேலிருந்து பூ விழுந்தது. பூ மட்டும்.