கோட்டை வாசலில் உன் மகள்

என் உயிர் மச்சான் சாமுவேலுக்கு,

நீ கண்ணை மூடிப் பத்து மாதம் ஆகிறது. பசுந்தாங் பேட்டை வீட்டில் உன் நாற்காலியில் இப்போது பூனை படுத்துக்கொள்கிறது. அழுது புலம்ப இதை எழுதவில்லை. பெருமை தாங்க முடியாமல் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சபையில் நீ எழுதின நாடகம் நடந்தது, மச்சான்!

உனக்குத் தெரிந்த கதைதான்; அங்கே உன் கூட இருந்து கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். நானூறு வருஷத்துக்கும் முந்தைய பிரான்ஸ். அங்கே புரட்டஸ்டண்டுகளை ஹியூகனோ என்பார்களாம். அப்படி ஒரு பிரபு குடும்பம். பாரிஸ் படுகொலையில் பிரபு செத்துப்போகிறார். அவர் மனைவி, அந்தச் சீமாட்டி, இரண்டு பிள்ளைகளோடு கோட்டைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ராஜாவின் தளபதி வந்து மிரட்டுகிறான்: "பழைய கத்தோலிக்க சபைக்குத் திரும்பிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல். கோட்டை, நிலம், பிள்ளைகள் எல்லாம் உனக்கே." அவள் முடியாது என்கிறாள், அதையும் இரண்டு பக்கத்துக்கு!

இருபது வருஷமாக நான்தான் தளபதி. வருஷா வருஷம் காவடி எடுக்கிறவனைக் கூப்பிட்டு ஹியூகனோக்களை மிரட்ட விட்டாயே, உன்னை என்ன சொல்ல? கேட்டால், "உன் மூஞ்சிதான்டா அதுக்கு லாயக்கு" என்பாய்.

சீமாட்டியாக நடித்த டீச்சர் சிங்கப்பூர் போய்விட்டார். உன் மகள் எஸ்தர் நான் செய்கிறேன் என்றாள். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வந்தால் தடுமாறும், எழுத்து சுத்தமாகத் தெரியாது. நாம்தான் கற்றுக்கொடுக்கவில்லை, சோம்பேறிகள். உன் கையெழுத்தை நான் வாசிக்க வாசிக்க, அவள் அதைப் பர்மிய எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சபை மூப்பர் ஊ ஜேக்கப் வந்து, "பர்மா பாஷையில போட்டா எல்லாருக்கும் புரியுமே" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. இந்தப் பர்மாவில் நம் சபையிலேயே பாதிப் பேருக்குத் தமிழ் வராதுதானே? மறுநாள் உன் வீட்டு மாடிப்படியில் எஸ்தர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"எஸ்தர், பர்மாவுலயே சொல்லிடும்மா. ரெண்டு பக்கந்தானே, என்ன ஆயிடப் போவுது? அப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டாரு" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மாமா, அத நாடகத்துல சொல்லுங்க. இங்க வேணாம்."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. வேஷம் கட்டாமலே நான் தளபதியாகி நின்றிருக்கிறேன், மச்சான். அப்படியே படியிறங்கி வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாடகம். கோட்டைக் கதவுக்குப் பலகை க்யிம்யிண்டைங் படகுத்துறையில் நான் வாங்கி வந்த மீன் பெட்டிகள். முன் வரிசை மூக்கைப் பொத்திக்கொண்டது. நான் மிரட்டி முடித்தேன், அவள் வாயைத் திறந்தாள், கரண்ட் போய்விட்டது! மைக் செத்தது, மின்விசிறி நின்றது. சரி, தொலைந்தோம் என்று நினைத்தேன்.

எஸ்தர் என்ன செய்தாள் தெரியுமா? கதவுக்குப் பின்னால் கிடந்த முக்காலியில் ஏறி நின்றாள். வெறும் தொண்டையில் கடைசி பெஞ்சு வரைக்கும் பேசினாள். "என் கணவர் எதை நம்பிச் செத்தாரோ, அதை நம்பித்தான் இந்தக் கதவைச் சாத்தியிருக்கிறேன். உடைத்துப் பார்!" உச்சரிப்பு அங்கங்கே நொண்டியது, ஆனால் உன் வார்த்தையில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை. நோட்டு வீட்டிலேயே இருந்தது. நான் ஒரு நாளாவது அந்த இரண்டு பக்கத்தை முழுசாகக் கேட்டிருக்கிறேனா? எப்போது முடிப்பாள் என்று கொட்டாவிதானே விட்டிருக்கிறேன்!

அடுத்து நான், "பிடியுங்கள் அவளை!" என்று கத்த வேண்டும். வாய் வரவில்லை. அட்டைத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலை விட்டு ஒதுங்கி நின்றேன். என் சிப்பாய்கள் திருதிருவென்று விழித்தார்கள். ஜனம் சிரித்தது, அப்புறம் எழுந்து நின்று கைதட்டியது.

எல்லாருக்கும் கொடுத்த மொஹிங்கா மீன்குழம்பு நூடுல்ஸைச் சாப்பிடும்போது எஸ்தர் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, ஏன் என்னப் புடிக்கல? அப்பா எழுதுனத கெடுத்துட்டீங்க!"

"வாய் வரலம்மா."

"யபாடே, பரவாயில்ல. அடுத்த வருசம் புடிங்க."

பக்கத்தில் கிண்ணத்தோடு நின்ற ஊ ஜேக்கப் மெதுவாகக் கேட்டார்: "அந்த நோட்ட ஜெராக்ஸ் எடுத்துக் குடும்மா. எம் பேத்தி கேக்கிறா."

கேட்டாயா மச்சான்? உன் மகளடா அவள்! எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, பெற்றவன் நீ பார்க்கவில்லையே என்ற வலியோடு.

உன்மேல் சத்தியம்: அடுத்த வருஷம் அவளை ஒழுங்காகக் கைது செய்கிறேன். ஆனால் அந்த இரண்டு பக்கமும் முடிந்த பிறகுதான்.

இப்படிக்கு,
உன் கோட்டைக் கதவை இருபது வருஷம் இடித்தும் திறக்க முடியாத உன் மச்சான்,
முருகேசன்