பொயிலருக்கு ஒரு சாம்பிராணிக்குச்சி

14 நவம்பர் 1987, சனி

ஒருவழியாக, வீட்டைச் சூடாக்கும் பொயிலர் இடம் மாறிவிட்டது. நிலத்துக்குக் கீழே, பேஸ்மென்ற் மூலையில், இவர் அரிசி மூட்டை வைக்க அடித்த தட்டுக்குப் பின்னால் அது நெருக்குப்பட்டு நின்றது. போன மாதம் துப்புரவு செய்ய வந்தவர், கையே போகாது என்று திரும்பிவிட்டார். அன்றிலிருந்து, புகை பிள்ளையின் அறைக்கு ஏறிவிடுமோ என்று எனக்கு நித்திரை இல்லை.

நாதன் அண்ணை முன்பு கப்பலில் எஞ்சின் பார்த்தவர். காலையிலேயே வந்து, தட்டைக் கழற்றி, பொயிலரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னுக்கு எடுத்தார். வளைந்து வளைந்து போன புகைக்குழாய்க்குப் பதில் நேராக ஒன்று போட்டார். பின்னேரம்தான் மூட்டினார்.

"புகை வெளியிலதான் போகுதெண்டு எப்பிடித் தெரியும் அண்ணை?" நாலாவது தரமாகக் கேட்டேன்.

"ஒரு சாம்பிராணிக்குச்சி கொண்டு வாங்கோ தங்கச்சி. நீங்களே பாருங்கோ."

சாமித்தட்டில் இருந்ததை எடுத்துவந்து கொளுத்தி, குழாய் தொடங்கும் இடத்தில் பிடித்தேன். புகை கொஞ்சம் தயங்கியது. பிறகு அப்படியே உள்ளே இழுபட்டுப் போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவந்த இவர், "பொயிலருக்கும் பூசையோ? அப்ப மோதகம் எங்கை?" என்றார். நாதன் அண்ணை சிரித்த சத்தத்தில் பிள்ளையும் சிரித்தாள்.

அவர்கள் மேலே தேத்தண்ணி குடிக்கும்போது இன்னும் இரண்டு குச்சி கொளுத்திப் பார்த்தேன். இவருக்குச் சொல்லவில்லை.

இப்போது பெட்டியில் ஒன்றுதான் மிச்சம். இன்னொருதரம் கீழே போய்ப் பார்க்கலாம்தான். வேண்டாம், அது சாமிக்கே இருக்கட்டும். பிள்ளை நல்ல நித்திரை. எனக்கும் கண் சொருகுகிறது.