முதலாளி பூசை போட்டுத் தந்த லேப்டாப்

மார்ச் 12, வியாழன்

மலேசியாவின் திகாம் பத்து ஊரில் நான் வேலை செய்யும் கடையின் விலைப்பட்டியல் வெளியே போகிறதென்று முதலாளிக்குச் சந்தேகம். வெளியிலிருந்து திரையைப் பார்க்கும் செயலியை யாராவது போட்டிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க, என்னை ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்.

"கவுண்டர்ல உள்ள நாலு கம்ப்யூட்டர மட்டும் பாரு தம்பி. உன் லேப்டாப் வேணாம்லா."

இன்று ஓட்டிப் பார்த்தேன். நான்கிலும் 'இல்லை' என்று வந்தது. கவுண்டர் கலா அக்கா நம்பவில்லை. "அப்புறம் ஏன் தம்பி மௌஸ் தானா நகருது?" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் என் மடத்தனம் புரிந்தது. வழக்கமாக நிறுவும் மென்பொருள்களின் பட்டியலை மட்டுமே என் புரோகிராம் தேடியிருக்கிறது. விண்டோஸின் ஆப் ஸ்டோரிலிருந்து இறக்கியவை அதில் வராது. அவற்றுக்குத் தனிப் பட்டியல். அதையும் தேட நாலு வரி சேர்த்து, சோதனைக்கு என் லேப்டாப்பிலேயே ஓட்டினேன்.

'உண்டு' என்று வந்தது.

நான் அதைப் போடவில்லை. நிறுவிய நாளைப் பார்த்தேன். கோவிலில் பூசை போட்டுத் தருகிறேன் என்று முதலாளி இந்தப் புது லேப்டாப்பை ஒரு நாள் முழுக்க வைத்திருந்தாரே, அதே நாள். அப்படியானால் அவருக்குச் சந்தேகம் என் மேலா? மூடியில் அவர் வைத்த குங்குமம் இன்னும் அழியவில்லை.

அதனால்தான் இதை லேப்டாப்பில் தட்டாமல் நோட்டில் எழுதுகிறேன். அவர் என் திரையைப் பார்ப்பது உண்மையென்றால், நான் கண்டுபிடித்ததையும் பார்த்திருப்பார்.

இப்போதுதான் போனில் அவர் மெசேஜ் வந்தது. "காலையில லேப்டாப்ப கொண்டு வா தம்பி. மறுபடி ஒரு பூசை போடணும்."