நீ விட்டுப்போன லேப்டாப்

அன்பு மகனுக்கு,

உன் அப்பா எழுதுகிறேன். யாரையும் கெஞ்சி எழுதவைக்கவில்லை. நானே என் கையால் எழுதுகிறேன். நம்பிக்கை வராவிட்டால் எழுத்தைப் பார். கோணல்மாணலாக இருந்தால் அது நான்தான். மருமகள் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும்.

நானும் அவளும் நன்றாக இருக்கிறோம். என் முட்டிவலி பழைய இடத்திலேயே குடியிருக்கிறது. குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, மாற்றியாயிற்று. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடு. வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே.

நான் பெயிண்டர் வேலை பார்த்த கதை உனக்குத் தெரியும். போர்டு எழுதுகிற மேஸ்திரி வெளிக்கோடு போட்டுவிட்டுப் போவார், நான் உள்ளே வண்ணம் நிரப்புவேன். எத்தனையோ போர்டும் சுவரும் நிரப்பியிருக்கிறேன். ஒன்றில்கூட என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாது. போன மாதம் பஸ்ஸில் போகும்போது ஒரு பழைய சுவரைப் பார்த்தேன். நான் நிரப்பிய எழுத்துதான். சிவப்பு இன்னும் மங்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று இருந்தது! இத்தனை காலமும் அதை ஏதோ பெரிய கம்பெனியின் பெயர் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

இந்த எழுத்தெல்லாம் மருமகள் போட்ட பிச்சை. அவள் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த முறையே தனி. சீட்டு சீட்டாக எழுதித் தருவாள். அதை அந்தந்தப் பொருளின்மேல் நான் ஒட்ட வேண்டும். கதவு, குழாய், சர்க்கரை, கண்ணாடி என்று வீடு முழுக்கச் சீட்டு. ஒட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெயிண்டர் கை அல்லவா, நடுமையம் பார்த்து, நூல் பிடித்த மாதிரி ஒட்டுவேன். கீழ்வீட்டுத் தையல்காரர் வந்து பார்த்துவிட்டு, "நல்லவேள, உங்க நெத்தியில 'மாமா'ன்னு ஒட்டாம விட்டாளே" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மருமகள் ஒரு வேலைக்கு மனு போட்டிருந்தாள். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் போன் செய்கிறவர்களுக்கு வழி சொல்லுகிற வேலை. வீட்டில் இருந்தே பார்க்கலாம். கம்பெனிக்காரர்கள் முகம் பார்த்துப் பேச வேண்டும், போனில் ஆகாது, லேப்டாப் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது நீ அவளிடம் போனில் பேசினாய். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசியதால் போனைச் சத்தமாக வைத்திருந்தாள். அது உனக்குத் தெரிந்திருக்காது. "அந்த டப்பாவ வச்சு நீ என்னத்தக் கிழிக்கப்போற? இந்த இன்டர்வியூவோட வேலைப் பேச்சை விட்டுடணும், சரியா?" என்றாய். அவள் "சரி" என்றாள். அதற்குப் பிறகு கழுவி வைத்த பாத்திரத்தையே எடுத்துத் திரும்பக் கழுவினாள்.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. அப்புறம் நடந்ததைக் கேள்.

லேப்டாப் திறந்து முடிப்பதற்குள் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம், அப்படித் திணறிக்கொண்டிருந்தது. அதில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டாள். ஊர் உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்ட சமாச்சாரமாம். எனக்காகத் திரையில் எல்லாம் தமிழில் வருகிற மாதிரி வைத்தாள். 'திற', 'மூடு', 'சேமி' எல்லாம் நான் படித்தேன். லேப்டாப் இளவட்டம் மாதிரி ஓடியது. ஆனால் வைஃபை வரவில்லை. சத்தம் வரவில்லை. கேமராவில் முகம் வரவில்லை. கண்ணும் காதும் வாயும் இல்லாமல் கால் மட்டும் ஓடி என்ன பயன்?

முதலில் வைஃபை. உள்ளே இருக்கிற வைஃபை சில்லுக்கு ஒரு சின்ன ஃபைல் வேண்டுமாம், அது லினக்ஸோடு சேர்ந்து வரவில்லையாம். "அது எங்கம்மா கிடைக்கும்?" என்றேன். "நெட்டுல மாமா" என்றாள். நெட்டுக்குப் போக வைஃபை வேண்டும், வைஃபை வர நெட்டுக்குப் போக வேண்டும். சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதை. அவள் அசரவில்லை. போனை ஒயரில் லேப்டாப்போடு கோத்து, போன் வழியாக நெட் எடுக்கப் பார்த்தாள். போன் கண்டுகொள்ளவே இல்லை. போனில் தப்பா, லேப்டாப்பில் தப்பா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். கடைசியில் பார்த்தால் தப்பு ஒயரில். சில ஒயர் சார்ஜ் ஏற்ற மட்டும்தானாம், வேறெதையும் கடத்தாதாம். இதைக் கண்டுபிடித்த கையோடு கீழே ஓடித் தையல்காரரிடம் வேறு ஒயர் வாங்கிவந்தாள். கறுப்புத் திரையில் ஏதேதோ தட்டினாள். அந்த ஃபைல் இறங்கியது. அணைத்துப் போட்டதும் நம் வீட்டு வைஃபையோடு அக்கம்பக்கத்து வைஃபை பெயரெல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஒன்று தமிழில் இருந்தது. நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'பாஸ்வேர்டு கேக்காதீங்க' என்று ஒரு மகராசன் பெயர் வைத்திருக்கிறான்!

கை கடுக்கிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

இன்று மதியம் தொடர்கிறேன். சத்தம் வராத காரணத்தைக் கேட்டால் சிரிப்பாய். லேப்டாப் ஒழுங்காகத்தான் பேசிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தத்தை டிவிக்குப் போகிற வழியில் திருப்பி விட்டிருந்தது. நம் வீட்டில் ஏது டிவி? நான் உனக்குப் புத்தி சொல்வது மாதிரி எங்கேயோ போய்க்கொண்டிருந்திருக்கிறது. அமைப்புகள் என்கிற இடத்துக்குப் போய் வழியை மாற்றினாள். மைக்கும் அதோடு சரியாயிற்று.

கேமராதான் படுத்திவிட்டது. கேமரா இருப்பதாக லினக்ஸ் சொல்கிறது, பெயர்கூடச் சொல்கிறது. திறந்தால் ஒரே கறுப்பு. மறுநாள் இன்டர்வியூ. நெட்டில் யார் யாரோ எழுதியதையெல்லாம் படித்துப் படித்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். எதற்கும் அது மசியவில்லை. "அவரு சொன்னதுதான் சரி போலிருக்கு மாமா. இது டப்பாதான்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. லேப்டாப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் தலைப்பக்கம் நடுவில் 'திரை' என்று நான் ஒட்டிய சீட்டு இருந்தது. அந்தச் சீட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ மினுக்கியது. "ஏம்மா, என் சீட்டுக்கு எதுக்கு விளக்குப் போட்டிருக்க?" என்று கேட்டேன்.

திரும்பினாள். பார்த்தாள். சீட்டைப் பிய்த்தாள். அடுத்த நொடி திரை முழுக்க எங்கள் இரண்டு பேர் முகமும்! கேமராக் கண்ணும், அது ஓடும்போது எரிகிற சின்ன விளக்கும் அந்த இடத்தில்தான் இருந்திருக்கின்றன. நான் நடுமையம் பார்த்துக் கண்மேலேயே ஒட்டியிருக்கிறேன். வீடெல்லாம் சீட்டாக இருந்ததால் அவள் கண்ணுக்கு அது சீட்டாகவே படவில்லை. சிரித்தாள் பார், விக்கல் வருகிற வரைக்கும் சிரித்தாள். "மாமா, உங்கள வேலைய விட்டே தூக்கணும்" என்றாள். "எந்த வேலையம்மா?" என்றேன். "ஒட்டுற வேலை" என்றாள்.

இன்டர்வியூவில் மூன்று பேர் வந்தார்கள். தையல்காரர் தன் மெஷினை நிறுத்திவைத்திருந்தார். நான் சமையலறை வாசலில் இருமலை அடக்கிக்கொண்டு நின்றேன். எதிலாவது மாட்டிக்கொண்டு மீண்டதைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். வைஃபையில் இருந்து சீட்டு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள், தன் தப்பையும் மறைக்காமல். அவர்களில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நம் வீட்டுப் பெண் அவ்வளவு நிதானமாகப் பேசி நான் கேட்டதில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது.

வேலை கிடைத்துவிட்டது. இந்த வரியை எழுதிவிட்டு, எழுத்துக் கூட்டி மறுபடியும் படித்துப் பார்த்துக்கொண்டேன்.

இன்டர்வியூ முடிந்தபிறகு நீ இரண்டு தடவை போன் செய்தாய். குழாயைப் பற்றிக் கேட்டாய். என் முட்டியைப் பற்றிக் கேட்டாய். இன்டர்வியூ என்னவாயிற்று என்று அவளிடம் கேட்கவில்லை. "நீயே சொல்லேம்மா" என்றேன். "அவரு கேக்கட்டும் மாமா. கேட்டா சொல்றேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. காய் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

போனில் உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தாலே நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய். கடிதத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது, கடைசி வரைக்கும் படித்தாக வேண்டும்.

இது கிடைத்ததும் அவளுக்குப் போன் செய், தம்பி. நான் எழுதினேன் என்று சொல்லாதே. வேலை கிடைத்ததா என்றும் எடுத்த எடுப்பில் கேட்காதே. அந்த லேப்டாப்பில் வைஃபையை எப்படி வரவைத்தாய் என்று கேள். நீளமாகச் சொல்வாள். பாதி உனக்குப் புரியாது, எனக்கும் புரியவில்லை. புரிகிறதோ இல்லையோ, குறுக்கே பேசாமல் 'ம்' கொட்டிக்கொண்டே கேள். நான் அப்படித்தான் கேட்டேன். நான் கொட்டிய 'ம்' அவளுக்குப் போதவில்லை.

இரண்டு பேரும் மனம் நிறைந்து இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
இனிமேல் கைநாட்டு வைக்காத
உன் அப்பா